ஃப்ரேசர் தீவில் பிள்ளைகளோடு டென்ட்: வேலி இருந்தால் டிங்கோ பயம் இல்லையா?

2024 ஆகஸ்ட் 4 (கேள்வி)

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் பிரிஸ்பேனிலிருந்து ஃப்ரேசர் தீவுக்கு நான்கு நாள் போகிறோம். பிள்ளைகளுக்கு 6, 9 வயது. வேலி போட்ட முகாமில்தான் இடம் பிடித்திருக்கிறோம். வேலிக்குள் இருந்தால் டிங்கோ (ஆஸ்திரேலியக் காட்டுநாய்) பற்றிக் கவலையே வேண்டாம் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா? மணலில் கார் ஓட்டியதும் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4, இரவு

போன செப்டம்பரில் போனோம். பெரியவனுக்கு அப்போது 10, சின்னவளுக்கு 6. டுண்டுபாராவில் மூன்று ராத்திரி. அதுவும் வேலி போட்ட முகாம்தான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிங்கோவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மணலை நினைத்துக் கெடுத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்றை இறக்காமல் மணலில் கால் வைக்காதீர்கள். நாங்கள் கெட்டி மணலில் 20 பிஎஸ்ஐ, பொலபொல மணலில் 18 வைத்தோம். இன்ஸ்கிப் முனையில் பார்ஜுக்கு, அதாவது வண்டியோடு தீவுக்கு ஏற்றிப் போகும் படகுக்கு, போகிற அந்தக் கொஞ்ச தூரத்திலேயே, தார் ரோட்டுக் காற்றோடு வந்து புதைந்து நிற்கிறவர்களைப் பார்க்கலாம். அதில் நானும் ஒருவன். ‘முன்னால் போகிறவர் இறக்கியா வைத்திருக்கிறார்’ என்று நினைத்தேன். இறக்கித்தான் வைத்திருந்தார். பின்னால் வந்த வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். என் டயரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் காற்று அளக்கிற கருவியை நீட்டிவிட்டு, கைகட்டி நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

கடற்கரைதான் ரோடு. 80 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம், உள்ளே காட்டுப் பாதைகளில் 30. சின்ன விமானங்கள்கூட அதே மணலில் இறங்கும். கடல் ஏறும் உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கரையில் வண்டியே எடுக்காதீர்கள். ஏற்ற வற்ற நேர அட்டவணையைக் காகிதத்தில் எடுத்துப் போங்கள், தீவில் பாதி இடத்தில் போன் வேலை செய்யாது.

ஆகஸ்ட் 5

ஒரு திருத்தம். மேலே எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். “ஒன்றும் ஆகவில்லையா? அந்தச் செருப்பை என்ன காற்றா தூக்கிப் போச்சு?”

சரி. முதல் ராத்திரி சின்னவளின் செருப்பு டென்ட் வாசலில் இருந்தது. காலையில் வலது கால் மட்டும் இருந்தது. டென்டைச் சுற்றி மணலில் கால் தடம், நாய்த் தடம் மாதிரிதான், கொஞ்சம் ஒடுங்கலாக. வாசல் ஜிப்புக்கு நேரே நான்கு தடமும் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. அதாவது அங்கே நின்று யோசித்திருக்கிறது. நாங்கள் நான்கு பேரும் அதிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒரு துணிக்கு இந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம்.

வேலிக்குள் எப்படி வந்தது என்கிறீர்களா? வேலிக்குக் கதவு உண்டு, கதவுக்கு மனிதர்கள் உண்டு. ராத்திரி கழிப்பறைக்கோ கடற்கரைக்கோ போனவர் யாரோ சரியாகச் சாத்தவில்லை. அது நானாகவும் இருக்கலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 14 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் வேலி முகாமில் தங்குங்கள் என்பதுதான் பூங்காத் துறையின் அறிவுரையும். ஆனால் வேலிக்குள்ளேயே நான்கு நாளும் உட்கார்ந்திருக்கவா அவ்வளவு தூரம் போகிறோம்? ஏரி, ஓடை, கடற்கரை எல்லாம் வேலிக்கு வெளியே.

ஆகஸ்ட் 5, மாலை

பெயர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 ஜூனிலிருந்து அதிகாரப்பூர்வமாக அது ஃப்ரேசர் தீவு இல்லை. தீவின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வைத்த பழைய பெயர் திரும்ப வந்துவிட்டது. ஆங்கிலத்தில் முன்னால் ஒரு கே எழுதுவார்கள், அதை விழுங்கிவிட வேண்டும். ‘கோவிந்தா’வில் வரும் க-வைப் போட்டு ‘கரி’ என்று சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். இதை வண்டியில் விளக்கியதும் பெரியவன், “அப்போ நாம கறிக்குப் போறோம்” என்றான். மூன்று நாளும் அதே நகைச்சுவை. நான்காவது நாள் தடை போட்டோம்.

ஃப்ரேசர் என்ற பெயர் 1836-இல் கப்பல் உடைந்து இங்கே ஒதுங்கிய எலிசா ஃப்ரேசர் தொடர்பால் வந்தது. அவர் பெயரில் வெளிவந்த கதைகள் புட்சுல்லா மக்களைப் பற்றி ஏகத்துக்கும் இட்டுக்கட்டின. அந்தப் பெயர் போனதில் அவர்களுக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை. இனி நானும் கரி என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7

மணலில் தண்ணீர் எப்படி நிற்கிறது? சின்னவள் புராங்கூரா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டாள். மெக்கென்சி ஏரி என்று விளம்பரங்களில் வருமே, அதுதான். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

உலகத்திலேயே பெரிய மணல் தீவு இது. சுமார் 123 கிலோமீட்டர் நீளம், கிட்டத்தட்ட முழுக்க மணல். மழை பெய்தால் வடிந்துதானே போக வேண்டும்? ஆனால் மேட்டுப் பள்ளங்களில் இலைதழை விழுந்து மக்கி, மணலோடு சேர்ந்து இறுகி, அடியில் ஒரு தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தத் தட்டில் மழைநீர் தேங்கி ஏரியாகிறது. நிலத்தடி நீருக்கு மேலே, அந்தரத்தில் தூக்கி வைத்த கிண்ணம். அதில் விழுவது மழை மட்டும்தான். சத்து எதுவும் கரைந்து வராததால் தண்ணீரில் பாசியும் மீனும் குறைவு. அதனால்தான் அப்படி ஒரு தெளிவு. கழுத்தளவு தண்ணீரில் நின்று கால் நகத்தைப் பார்க்கலாம். பூமாஞ்சின் ஏரியும் இதே வகைதான், இந்த வகையில் உலகத்திலேயே பெரியது. அங்கே தண்ணீர் கட்டன் சாயா நிறம், சுற்றியிருக்கும் செடிகளின் சாயம்.

ஏரிக்கரைக்குத் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் மட்டும்தான். உணவுக்குத் தனியாக வேலி போட்ட இடம் இருக்கிறது. சோப்பும் வேண்டாம். வெயிலுக்குப் பூசும் கிரீமைத் தடவிக்கொண்டு நேரே இறங்காதீர்கள், முழுக்கைச் சட்டை போட்டு இறக்குங்கள்.

அந்த வெள்ளை மணலைச் சின்னவள் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி வைத்திருந்ததை வண்டியில் ஏறும்போது பார்த்தேன். எடுத்து வரக் கூடாது. புட்சுல்லா மக்களின் மூன்று சட்டங்களில் ஒன்றே, உனக்குச் சொந்தமில்லாததைத் தொடாதே, எடுக்காதே என்பதுதான். திரும்பிப் போய்க் கொட்டினோம். அவள் அழுதுகொண்டே ஏரியிடம் மன்னிப்புக் கேட்டாள். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7, இரவு

மார்ச் ஈ பற்றி யாரும் எழுதவில்லையே? பெயர்தான் மார்ச், செப்டம்பரில் கடிக்கிறது. ஜீன்ஸுக்கு மேலேயே கடிக்கும். நீலச் சட்டைக்கு அதிகம் வருகிறது என்று தோன்றியது. நான்கு பேரில் மூன்று பேர் நீலம்.

ஆகஸ்ட் 9

இன்னொரு திருத்தம். ‘ராத்திரி நெருப்பு மூட்டிக் கிழங்கு சுடலாம்’ என்று வேறொருவருக்குப் பதில் போட்டிருந்தேன். எல்லா முகாமிலும் முடியாது. டுண்டுபாரா, வாடி முனை இரண்டிலும் கட்டிவைத்திருக்கும் பொது நெருப்பு வளையத்தில் மட்டும்தான். அதற்கும் விறகைக் காட்டில் பொறுக்கக் கூடாது. அறுத்த கட்டையை, ரசாயனம் ஏறாததாகப் பார்த்து, நாமே கொண்டுபோக வேண்டும்.

இதில் விளையாட்டே வேண்டாம். 2020 அக்டோபரில் அனுமதியில்லாமல் மூட்டிய ஒரு முகாம் நெருப்பு வாரக்கணக்கில் எரிந்து தீவில் பாதியைத் தின்றது. நாங்கள் போனபோதும் சில மரங்களின் அடி கருப்பாகத்தான் இருந்தது. கையை வைத்த சின்னவளின் உள்ளங்கை கரி. பெரியவன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா, “வேண்டாம்” என்றாள்.

ஆகஸ்ட் 10

நேற்று கேள்வி கேட்டவர் தனியே எழுதியிருந்தார். செருப்பு விஷயம் படித்து அவர் மனைவி பயணத்தையே ரத்து செய்யலாம் என்கிறாராம். ‘அவ்வளவுதானே நடந்தது?’ என்று கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான் என்று எழுதப் போனேன். முடியவில்லை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம். வெளிச்சம் மஞ்சளாகி, மணலில் நண்டுகள் சின்னச் சின்ன மணல் உருண்டைகளை உருட்டி வட்டம் வட்டமாகக் கோலம் போட்டிருந்த நேரம். முகாம் கதவைத் தாண்டிச் சின்னவளும் நானும் மட்டும் கடற்கரைக்கு நடந்தோம். தடி எடுக்கவில்லை, ஐந்து நிமிஷம்தானே என்று. கோலத்தைப் பார்த்ததும் அவள் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். பத்து மீட்டர் இருக்கும். நான் வானத்தை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

டிங்கோ மணல்மேட்டிலிருந்து இறங்கி வந்தது. ஓடி வரவில்லை. பல்லைக் காட்டவில்லை. தெருவில் தன் பாட்டுக்கு நடக்கிற நாய் மாதிரி, அவளுக்கு இணையாக, அவளைப் பார்க்காத மாதிரி நடந்தது. இஞ்சி நிறம், பாதம் மட்டும் வெள்ளை, ஒரு காதில் அடையாளத் துண்டு. அழகாக இருந்தது. அதை போட்டோ எடுக்கத்தான் முதலில் கை போனது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்போதுதான் அவள் பார்த்தாள். “அப்பா” என்று கத்திக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தாள். அவள் ஓடியதும் அதன் நடை மாறியது. கால் எட்டிப் போட்டது, தலை தாழ்ந்தது. நான் “ஓடாதே! நில்லு!” என்று கத்திய கத்தலில் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. அவள் நின்றாள். நின்றது மட்டுமில்லை, பார்ஜில் வரும்போது படம் போட்ட அறிவிப்பில் பார்த்தபடி இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, அதன் முகத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றாள். 6 வயசு. நான் போய் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி, அடி அடியாகப் பின்வாங்கினோம். அப்போது அவள் சொன்னாள்: “இந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு அப்பா.”

இருந்தது. சத்தம் கேட்டு மனைவியும் பக்கத்து டென்ட்காரரும் தடியோடு வந்தார்கள். இரண்டும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் மேட்டில் ஏறிப் போய்விட்டன.

உள்ளே வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தபோதுதான் கையைப் பார்த்தேன். கட்டிய கைக்குள் பாதி பிஸ்கட் இருந்தது. நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவளுக்கு, கதவருகே நான் கொடுத்தது.

ஆகஸ்ட் 10, இரவு

இதை மனைவிக்கே இன்றுதான் சொன்னேன். பிஸ்கட் விஷயத்தை, மற்றதை இல்லை. இங்கே எழுதுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

ஆகஸ்ட் 12

அப்போதே ரேஞ்சரிடம் சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. காரணம் கேவலமானது. டிங்கோவுக்கு உணவு கொடுத்தாலோ, எட்டும்படி வைத்தாலோ அபராதம், அந்த இடத்திலேயே 2000 டாலருக்கு மேல். பிஸ்கட் எந்தக் கணக்கில் வரும் என்று பயந்தேன்.

பிறகு வேறு மாதிரி சமாதானம் சொல்லிக்கொண்டேன்: புகார் போனால் அந்த டிங்கோவின் பெயரில்தானே கரும்புள்ளி விழும், அது என்ன செய்தது? நடந்தது, அவ்வளவுதான். இப்போது யோசித்தால் அதுவும் சரியில்லை. நான் சொல்லாததால், அடுத்த நாள் அதே இடத்தில் பிள்ளையோடு நடந்த குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. மனிதக் கையில் தின்பண்டம் வரும் என்று அது இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கும். அப்படிக் கற்றவைதான் கடைசியில் சுடப்படுகின்றன. 2001-இல் 9 வயதுப் பையன் ஒருவனை இந்தத் தீவின் டிங்கோக்கள் கொன்றன. அதற்குப் பிறகு முப்பதுக்கும் மேல் டிங்கோக்களைக் கொன்றார்கள். பயம் விட்டுப்போகும் அளவுக்கு அவற்றைப் பழக்கியதில் எத்தனை பேர் போட்ட ரொட்டிக்குப் பங்கு இருந்திருக்கும்?

சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 12, மாலை

‘பாவம், எலும்பும் தோலுமாக இருக்கிறதே, பட்டினி போடுகிறார்களா’ என்று கேட்டவருக்கு: நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதன் உடல்வாகே அதுதான். சராசரி 15 கிலோ பக்கம்தான் இருக்கும், விலா தெரியும். நம் வீட்டு நாய்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நல்ல ஆரோக்கியமான டிங்கோவும் பட்டினி மாதிரி தெரியும். கரையில் ஒதுங்கும் மீன், பந்திக்கூட் என்கிற சின்னப் பிராணி, எலி, பழம் என்று அதற்குச் சாப்பாடு இருக்கிறது. புட்சுல்லா மொழியில் அதற்கு வொங்காரி என்று பெயர். இந்தத் தீவுக்கு வீட்டு நாயைக் கூட்டிவரவே தடை, இதன் இரத்தம் கலந்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ராத்திரி அது குரைக்காது, ஊளையிடும். ஒன்று தொடங்க, தூரத்தில் இன்னொன்று எடுக்கும். அந்தச் சத்தத்துக்காக மட்டுமே திரும்பப் போகலாம்.

ஆகஸ்ட் 18

கேள்வி கேட்டவருக்கு நேரடியாக. ரத்து செய்யாதீர்கள். ஈலை ஓடையில் பிள்ளைகளை ரப்பர் வளையத்தில் மிதக்க விடாமல் இருந்தால் பாவம். கண்ணாடித் தண்ணீர், மணிக்கு 40 லட்சம் லிட்டர் வரை கடலில் கொட்டுகிறது. பெரியவன் அதைக் கேட்டுவிட்டு நம் வீட்டுத் தொட்டி எத்தனை நொடியில் நிரம்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பதினைந்து தடவை மிதந்தான். பக்கத்திலேயே மஹெனோ கப்பல், 1905-இல் கட்டியது. உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப் போகும்போது 1935-இல் புயலில் கயிறு அறுந்து இங்கே ஒதுங்கியது. உடைக்கிற வேலையைக் கடல் இன்னும் நிதானமாகச் செய்துகொண்டிருக்கிறது. கடலில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள். சுறாவும் உண்டு, நீரோட்டமும் உண்டு, காப்பாற்ற ஆள் கிடையாது.

மற்றபடி எங்கள் வீட்டு விதி இப்போது இதுதான்: வேலிக்கு வெளியே பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ‘கண்ணுக்கெட்டும் தூரம்’ என்று போன தடவை நினைத்திருந்தேன், இரண்டுக்கும் நடுவில் பத்து மீட்டர் இருக்கிறது. கதவு வரை போனாலும் தடி. உணவு, எஸ்கி (ஐஸ் பெட்டி), குப்பை, பற்பசை, சோப்பு எல்லாம் பூட்டிய வண்டிக்குள், டென்டுக்குள் ஒரு மிட்டாய்த் தாள்கூடக் கிடையாது. மீன் பிடித்தால் கழிவை ஏற்றக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அரை மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். செருப்பு உள்ளே.

ஆகஸ்ட் 19

‘இவ்வளவு விதி என்றால் அது விடுமுறையா?’ என்று ஒருவர். முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டாவது நாள் கை தானாகச் செய்யும். நாங்கள் ரோடு கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடிப்பதை விதி என்றா நினைக்கிறோம்?

செப்டம்பர் 2

பார்ஜ் ஏறும் இன்ஸ்கிப் பக்கம் டென்ட் போடலாமா என்று கேட்டவரே, போடலாம். ஆனால் 2015 செப்டம்பரில் அங்கே ஒரு முகாமின் கரை அப்படியே கடலுக்குள் சரிந்து, ஒரு காரையும் கேரவனையும் டென்டுகளையும் விழுங்கியது. யாருக்கும் அடி இல்லை. இதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 9

ஆமாம், நாங்களும் போகிறோம். அதே டுண்டுபாரா. முடிவெடுத்தது சின்னவள். அவளுக்கு இப்போது 7. ‘நான் நின்னேன்ல’ என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் கதையில் டிங்கோ எட்டு.

செப்டம்பர் 14, காலை

பார்ஜ் வரிசையில் நிற்கிறோம். காற்று இறக்கியாயிற்று, 20. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி புதைந்து நிற்கிறது, டயர் நன்றாக உப்பலாக இருக்கிறது. மனைவி என்னைப் பார்க்கிறாள். காற்று அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.